மீடியம் ஃபார்மெட் டிஜிட்டல்: 15,000 வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) ஆரம்பிக்க முடியுமா?

சீவுகத்தி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுப்பவன். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) இரண்டு இருக்கிறது, அந்த வேலைக்கு அது போதும். மீடியம் ஃபார்மெட், அதாவது அதைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமரா, நான் கேட்பது வேறொன்றுக்காக. பக்கத்துத் தோட்டத்தில் பழைய லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பால்மரம் சீவியே காலம் தள்ளிய பெரியவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை அவரவர் வாசலில் உட்காரவைத்து, ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்), பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுத்த இடம்), முனியாண்டி கோயில் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, நாலடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கோயில் மண்டபத்தில் வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் கிட்டே போய் நின்றால் அந்தக் கைகளில் உள்ள காய்ப்பு தெரியவேண்டும்.

ஃபுஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் என்ற மீடியம் ஃபார்மெட் கேமராவின் பாடி ஒன்றை ஒருவர் 9,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், லென்ஸ் கிடையாது. என் கையில் மொத்தம் 15,000 இருக்கிறது. இதில் இறங்கலாமா? இறங்கினால் அப்புறம் என்னென்ன செலவு வரும்?

பழைய ஸ்டுடியோ, ஈப்போ

தம்பி, நல்ல காரியம், தள்ளிப் போடாதே. ஆனால் பாடி விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதே, அது வெறும் நுழைவுக் கட்டணம். 50ஆர் 2018-ல் வந்தபோது 4,499 டாலர், உனக்குச் சொன்ன விலை ஏறக்குறைய அதில் பாதி, அது சரிதான். லென்ஸ் அப்படி இறங்காது. இந்தக் கேமராவுக்கான ஜிஎஃப் லென்ஸ்களில், வெளியானபோது 50 மில்லிமீட்டர் எஃப்3.5க்கு 999 டாலர், 63 எஃப்2.8க்கு 1,499, முகம் எடுக்க எல்லாரும் ஆசைப்படும் 110 எஃப்2க்கு 2,799. ஒரு டாலருக்கு நாலு வெள்ளி என்று வைத்துப் பார், அந்த 110 ஒன்றே உன் பாடியை விட அதிகம்.

அடுத்தது ஃபைல். சுருக்காமல் வைத்தால் ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைல்) 100 எம்பிக்கு மேல் வரும். இப்போதுள்ள கணினி முக்க ஆரம்பிக்கும், ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்களை மறுபடி எடுக்க முடியாது. டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கிறதா? நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், 40லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திரு.

50ஆரில் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இல்லை என்பதையும் யோசி. லயத்து வீட்டுக்குள் வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உனக்கே தெரியும். நல்ல ட்ரைபாட் இல்லாமல் 51 மெகாபிக்சல் வாங்கிப் பயன் இல்லை.

நெகட்டிவ், கூலிம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணே, செலவு அவருக்குத் தேவையே இல்லாமல் போகலாம். 50ஆர் படம் 8256 x 6192 பிக்சல். 2017-ல் வந்த நிக்கான் டி850 படம் 8256 x 5504. நீளப் பக்கம் அதேதான்! செகண்ட் ஹேண்ட் டி850 இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், லென்ஸும் எங்கே பார்த்தாலும் கிடைக்கும்.

நாலடி என்றால் 48 அங்குலம். 50ஆரில் அங்குலத்துக்கு 172 பிக்சல், இப்போது கையில் இருக்கும் 24 மெகாபிக்சலில் 125. மண்டபத்தில் ஆறடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு 125 போதும், கிட்டே போனால்தான் தெரியும். லயம், கோயில், பெரட்டுக் களம் எல்லாம் அசையாதவை, கேமராவை நிமிர்த்திப் பிடித்து மூன்று படம் எடுத்து ஒட்டினால் 50 மெகாபிக்சலைத் தாண்டிவிடும், ஒரு காசு செலவில்லை.

சீவுகத்தி, சுங்கை சிப்புட்

நன்றி இருவருக்கும். ஒட்டுகிற யோசனை கட்டடங்களுக்குச் சரியாக வரும், ஆனால் ஆட்களை அப்படி எடுக்க முடியாதே. கிட்டே போய்ப் பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். சென்சார் பெரிது என்பதால் முகத்தில் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

வெள்ளித்திரை அக்கா, தெலுக் இந்தான்

தெரியும் தம்பி, ஆனால் எங்கே தெரியும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள். 50ஆரின் சென்சார் 43.8 x 32.9 மில்லிமீட்டர், அதாவது ஃபுல் ஃபிரேமைப் போல் சுமார் 1.7 மடங்கு பரப்பு. பழைய மீடியம் ஃபார்மெட் ஃபிலிம் அளவான 645-ன் 56 x 41.5க்கு இது எட்டாது, அதற்குப் பக்கத்தில் வரும் சென்சார் உள்ள ஃபேஸ் ஒன் கேமரா நம் கைக்கு எட்டாது. அந்தக் கூடுதல் பரப்பின் பலன், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) குறைவாக வைத்து எடுக்கும்போது நிழலுக்குள்தான் தெரியும். வாசலில் உட்கார்ந்திருக்கிற கறுத்த முகம், பின்னால் இருட்டு, முன்னால் வெயில் விழுந்த சிமெண்ட் தரை: இந்தச் சூழலில் வெயில் பட்ட இடம் வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் நிழலை வெளிச்சமாக்கினால் தோல் மண்ணாகிப் போகாமல் நிற்கும். எங்கள் ஆட்களின் தோல் நிறத்தை அது மதிக்கிறது, அதற்காகவே நான் விற்காமல் வைத்திருக்கிறேன். டி850யிலும் நிறைய தூக்கலாம், இதில் இன்னும் கொஞ்சம் மிருதுவாக வருகிறது.

லென்ஸ் செலவுக்கு ஒரு வழி சொல்கிறேன். மமியா 645 ஃபிலிம் கேமராவின் 80 எஃப்2.8 பழையது ஒன்று தேடு. அதை 50ஆரில் மாட்ட ஒரு அடாப்டர் (இணைப்பு வளையம்) வேண்டும், அதற்குள் மின்சுற்று எதுவும் கிடையாது, வெறும் குழாய், அதனால் விலை குறைவு. ஃபோகஸ் கையால்தான். உட்கார்ந்திருக்கும் தாத்தா ஓடிவிட மாட்டார், ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையாக விழும் விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) போட்டு நிதானமாகத் திருப்பலாம். அந்த 80 ஃபுல் ஃபிரேம் கணக்கில் 63 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி, முகமும் வாசலும் சேர்ந்து அடங்கும். வாங்குமுன் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை பார்.

ஆனால் கல்யாணத்துக்கு இதைக் கொண்டுபோகாதே. ஃபோகஸ் மெதுவு, நொடிக்கு 3 படம், ஷட்டர் வேகம் 1/125 நொடிக்கு மேல் போனால் ஃப்ளாஷ் சேராது. தாலி கட்டும் நேரத்தில் உன்னைக் கைவிட்டுவிடும். ஆகவே இது சம்பாதித்துக் கொடுக்காத கேமரா என்று தெரிந்தே வாங்கு.

பழைய ஸ்டுடியோ, ஈப்போ

அக்கா சொல்கிற மமியா வழி நல்லது, அப்படியானால் 15,000க்குள் ட்ரைபாட், ஹார்ட் டிஸ்க், முதல் சில பிரிண்ட் வரை அடங்கும். பிரிண்ட் பணத்தை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வை, படம் டிஸ்கிலேயே கிடந்துவிடக் கூடாது.

தம்பி, பணம் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை என் கடைக்கு வா. என்னிடம் 50எஸ் இருக்கிறது, அதே சென்சார். எடுத்துக்கொண்டு போய் ஒரு பெரியவரை அவர் வாசலில் வைத்து எடு, உன் 24ஆலும் அதே இடத்தில் எடு. இரண்டையும் நாலடிக்குப் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய். பிரிண்ட் செலவு என்னுடையது.