புதுப்பிப்பு: சுவிஸ் தேசியப் பூங்கா, ஒரு திருத்தமும் செப்டம்பர் மான்களும்

பூங்காவின் நுழைவாயிலான செர்னெட்ஸ் கிராமம் வழியாகப் போகும் பயணத் திட்டம் பற்றிய என் முந்தைய இழையில் ஒரு தவறு: நாயை வாரில் பிடித்துப் போகலாம் என்றிருந்தேன். கூடவே கூடாது. சைக்கிள், கூடாரம், தீ மூட்டல், பூப்பறித்தல், பாதையை விட்டு விலகுதல் எல்லாமே தடை, மீறினால் அபராதம். 1914-இல் பூங்கா தொடங்கியது முதலே இயற்கையை அதன் போக்கில் விடுவதுதான் இங்கே கொள்கை. காட்டுக்குள் சாய்ந்த மரம் அங்கேயே மக்கும்.

உள்ளே இரவு தங்க குளுவோட்சா குடிலும் இல் ஃபூர்ன் விடுதியும் மட்டுமே. முன்பதிவில்லாமல் போவது வீண்.

செம்மான் முழக்கம் (இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் எழுப்பும் உரத்த குரல்) கேட்க செப்டம்பர் பிற்பாதி. எஸ்-சான்ஃப் கிராமத்திலிருந்து வால் ட்ருப்சூன் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். விடியலிலோ மாலையிலோ போங்கள், நண்பகலில் மான்கள் நிழலில் படுத்துவிடும். 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர் அவசியம். ஜூனில் வடக்குச் சரிவுகளில் பழைய பனி கிடக்கும், வழுக்கும்.