மங்கலான பார்ல கிளாஸையும் ஆளுங்களையும் போட்டோ எடுத்த அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

மூணு வருஷமா பார் ஷூட் பண்ணிட்டிருக்கேன். மெனு கார்டுக்கு டிரிங்க்ஸ் போட்டோ, லைவ் மியூசிக் நைட், பர்த்டே பார்ட்டி, இந்த மாதிரி. இருட்டுல எப்படி எடுக்கறீங்கன்னு நிறைய பேர் கேக்கறதால எனக்கு நடந்ததை இங்க எழுதறேன், நீங்களும் உங்களோடதை எழுதுங்க.

முதல் ஷூட் சரியா வரல. கவுண்டர் மேல கிளாஸை வெச்சு, எதிர்ல நின்னு, கேமரா மேலயே ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். கிளாஸ்ல பளிச்சுனு ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னாடி மொத்தமும் கரி மாதிரி கறுப்பு, டிரிங்கோட நிறம் சுத்தமா இல்ல. அந்த பார்டெண்டர் அவ்ளோ நேரம் பாத்துப் பாத்து பண்ணின டிரிங்க் அது, ஸ்க்ரீனை அவர்கிட்ட காட்டவே எனக்கு மனசு வரல. அவரே வந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கிளாஸை எடுத்துட்டுப் போய் கவுண்டரோட அந்தக் கோடில, ஒரு சின்ன டேபிள் லாம்ப் எரிஞ்சிட்டிருந்துச்சு, அதுக்கு முன்னாடி வெச்சாரு. அவ்ளோதான். உள்ள இருந்தது மொத்தமும் தேன் கலர்ல எரிய ஆரம்பிச்சிடுச்சு, ஐஸ் கட்டியோட ஒவ்வொரு ஓரமும் கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது, கிளாஸுக்கு முன்னாடி கவுண்டரோட மரப்பலகை மேல ஒரு ஆரஞ்சு வெளிச்சம் நீளமா விழுந்துச்சு. அன்னிலேருந்து எனக்கு இதான் முதல் வேலை, உள்ள போனதும் கேமராவைத் திறக்கமாட்டேன், ஒரு கிளாஸ்ல தண்ணி வாங்கிட்டு பார் முழுக்க நடப்பேன், எந்த இடத்துல பின்னாலயோ பக்கவாட்டுலயோ வெளிச்சம் வந்து கிளாஸ் உயிர் பெறுதுன்னு பாத்து அங்கதான் ஷூட். டிரிங்க்னா அது வெளிச்சம் ஊடுருவிப் போற பொருள், முன்னாலேருந்து அடிச்சா மேல்பரப்பு மட்டும்தான் தெரியும்.

பின்னாடி லைட்டே இல்லாத இடம்னா, கெட்டியான வெள்ளை பேப்பரை கிளாஸ் வடிவத்துக்கு, ஆனா அதை விட கொஞ்சம் சின்னதா வெட்டி, கிளாஸுக்குப் பின்னாடி கேமராவுக்குத் தெரியாத மாதிரி நிறுத்தி வெப்பேன். பக்கத்துலேருந்து ஒரு குட்டி எல்இடி லைட்டை அந்தப் பேப்பர் மேல படற மாதிரி காட்டினா போதும், டிரிங்க் உள்ளேருந்து ஒளிரும். லைட் இல்லாட்டி ஃபோன் டார்ச் மேல டிஷ்யூ பேப்பரை மடிச்சுப் பிடிச்சாலும் வேலைக்கு ஆகும்.

செட்டிங்ஸ் கேக்கறவங்களுக்கு: 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் வெச்சிருக்கேன் (எஃப் நம்பர் சின்னதாக ஆக வெளிச்சம் கூடும், ஷார்ப்பா வர்ற ஆழம் குறையும்), ஆனா கிளாஸுக்கு 1.4-ல எடுக்கமாட்டேன். அரை மீட்டர் தூரத்துல ஃபுல் ஃப்ரேம்ல, அதாவது பெரிய சென்சார் கேமராவுல, ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூட தேறாது, கிளாஸ் விளிம்பு ஷார்ப்பா இருந்தா மேல இருக்கற புதினா இலை போயிடும். எஃப் 2.8, சில நேரம் 4. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற அளவு, 3200, தேவைன்னா 6400, பயப்படாம ஏத்துங்க. ஐஎஸ்ஓவைக் குறைச்சு இருட்டா எடுத்துட்டு அப்பறம் கம்ப்யூட்டர்ல ஏத்தினா பல கேமராவுல நிழல் பகுதியெல்லாம் இன்னும் மோசமா புள்ளி புள்ளியா நாய்ஸ் அடிக்கும், எனக்கு ஒரு முழு ஆல்பம் அப்படிப் போச்சு. கண்டிப்பா ரா ஃபைல், அதாவது சென்சார் பதிஞ்சது அப்படியே இருக்கற ஃபைல்.

அப்பறம் நேரம். நுரை உக்காந்துடும், ஐஸ் கரையும், கிளாஸ் வெளில படியற பனித்துளி வடிஞ்சு கீழ வளையமா நிக்கும். அதனால அதே மாதிரி இன்னொரு கிளாஸ்ல தண்ணி ஊத்தி அதை வெச்சே ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாம் செட் பண்ணிட்டு அப்பறம்தான் நிஜ டிரிங்கைக் கேப்பேன். முதல் ஒரு நிமிஷத்துல எடுத்ததுதான் எப்பவும் தேறும்.

பதில்

நான் டிரிங்க்ஸ் எடுக்கறதில்ல, ஈவண்ட்தான். சத்தம் வரக்கூடாதுன்னு சைலண்ட் ஷட்டர்ல போட்டு ஒரு பாட்டுக் கச்சேரி முழுக்க எடுத்தேன். சின்ன ஸ்க்ரீன்ல எல்லாம் சூப்பரா தெரிஞ்சுது, வீட்டுக்கு வந்து பெருசு பண்ணிப் பாத்தா பாடினவங்க முகத்துலேருந்து பின்சுவர் வரைக்கும் குறுக்கால பட்டை பட்டையா கோடு, எதையும் காப்பாத்த முடியல. காரணம் எல்இடி லைட் துடிக்கறதுதான். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கற இடத்துல லைட் செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120. சைலண்ட்ல வேலை செய்யறது எலக்ட்ரானிக் ஷட்டர், அது சென்சாரை வரி வரியா படிக்கறதால ஒரு வரிக்கு வெளிச்சம் அதிகமா, அடுத்ததுக்கு கம்மியா விழுது. இப்ப மெக்கானிக்கல் ஷட்டர், ஷட்டர் ஸ்பீடு 50 ஹெர்ட்ஸ் இடத்துல 1/50 செகண்ட் இல்லன்னா 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்லன்னா 1/125, கேமராவுல ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தா அதையும் ஆன் பண்ணிடுவேன். ஆனா டிம்மர் போட்ட சில லைட்டுங்க வேற வேகத்துல துடிக்கும், இந்தக் கணக்கு அங்க உதவாது, அதனால ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி வெறும் சுவத்தை ரெண்டு மூணு ஷட்டர் ஸ்பீடுல எடுத்து பெருசு பண்ணிப் பாத்துடுங்க.

பதில்

சிவப்பு லைட் பத்தி யாரும் சொல்லலையே. முழு சிவப்பு எல்இடி முகத்துல அடிச்சா மூக்கு கன்னம் எல்லாம் ஒரே சப்பையா, பெயிண்ட் அடிச்ச மாதிரி வரும், ஏன்னா ரெட் சேனல் மட்டும் நிரம்பி வழிஞ்சிடுது, வெளிச்ச அளவைக் காட்டற சாதா ஹிஸ்டோகிராம் கிராஃபைப் பாத்தா நல்லா இருக்கற மாதிரிதான் காட்டும். மூணு கலரையும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராமைப் பாருங்க, சிவப்பு வலது பக்கம் முட்டுச்சுன்னா ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகற மாதிரி, குறைச்சிடுங்க. அப்படியும் சரி வராத படத்தை நான் கறுப்பு வெள்ளையா மாத்திடுவேன். அந்த முகங்கள்ல இருக்கற சிரிப்பு அப்பதான் தெரியுது, எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச படங்கள் இருக்கு.

பிளாக் லைட் (யூவி லைட்) இருக்கற பார்னா டானிக் வாட்டர் கலந்த டிரிங்க் ஒண்ணு கேளுங்க. அதுல இருக்கற குயினைன் அந்த லைட்ல நீலமா ஒளிரும், வேற எதுவும் பண்ணத் தேவையில்ல.

பதில்

நான் கேமரா பக்கம் இல்ல, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவன். இதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. போட்டோ எடுக்கறவங்க எங்களுக்கு வேணும், நாங்க பண்ற டிரிங்க் நாலு பேருக்குப் போய்ச் சேர்றது உங்களாலதான். ஆனா நான் கத்தி பிடிச்சு தோல் சீவிட்டிருக்கும்போது கண்ணுக்கு நேரா ஃப்ளாஷ் அடிக்காதீங்க, ஒரு தடவை விரல் வெட்டிக்கிட்டேன், நாலு நாள் எலுமிச்சை தொட முடியல. ஃபோகஸுக்காக கேமராலேருந்து வர்ற அந்த ஆரஞ்சு லைட்டையும் ஆஃப் பண்ணிடுங்க, உக்காந்திருக்கறவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அங்க வர்றவங்க நிறைய பேருக்கு தான் வந்தது வெளில தெரிய வேணாம்னு இருக்கும், அதுக்கு அவங்க காரணம் சொல்லணும்னு இல்ல. முகம் தெரியற மாதிரி எடுத்தா போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கேட்டா பாதி பேர் சந்தோஷமா நிப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

உங்களுக்கு உதவற மாதிரி ஒண்ணு சொல்றேன். கிளாஸைத் தொடறதுன்னா அடிப்பக்கம் மட்டும் பிடிங்க, கைரேகை லைட்ல பயங்கரமா தெரியும். ஷேக்கர்ல டிரிங்கைப் போட்டு ஷேக் பண்றதை எடுக்கணும்னா எப்ப ஆரம்பிக்கறேன்னு என்கிட்ட கேளுங்க, சொல்லிட்டே பண்றேன்.

பதில்

ஃபோன்ல எடுக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். முதல்ல லென்ஸைத் தொடைங்க, விரல் எண்ணெய் பட்டிருந்தா ஒவ்வொரு லைட்டும் கோடா இழுத்துக்கும். ஸ்க்ரீன்ல கிளாஸைத் தொட்டு அப்படியே வெளிச்சத்தைக் கீழ இறக்குங்க, ஃபோன் எப்பவும் இருட்டை பகலாக்கப் பாக்கும். நைட் மோட் கிளாஸுக்கு ஓகே, ஃபோனை எது மேலயாவது சாய்ச்சு வெச்சு எடுங்க. ஆளுங்களுக்கு வேணாம், பல ஃப்ரேமை ஒண்ணா சேக்கறதால கை அசைஞ்சா பேய் மாதிரி ஆயிடும்.

தொடங்கினவர்

கவுண்டர்லேருந்து எழுதினவருக்கு ரொம்ப நன்றி, கத்தி விஷயம் எனக்குத் தோணினதே இல்ல, இனிமே கண்டிப்பா பாத்துக்கறேன்.

ஃப்ளாஷே வேணாமான்னு மெசேஜ்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. குரூப் போட்டோவுக்கு நான் போடுவேன். ஆனா பார் கூரை பெரும்பாலும் கறுப்பு பெயிண்ட், மேல அடிச்சா வெளிச்சம் திரும்பி வராது, அதனால பக்கத்துல வெளிர் சுவர் இருக்கான்னு பாத்து அதுல அடிக்கணும். ஃப்ளாஷ் மேல ஆரஞ்சு ஜெல், அதாவது கலர் பிளாஸ்டிக் ஷீட், ஒட்டிடுங்க, இல்லாட்டி ஃப்ளாஷோட லைட் கலர் 5500 கெல்வின், அங்க எரியற பல்ப் 2700, 3000 அந்த மாதிரி இருக்கும், முகம் நீலமா பின்னாடி மஞ்சளா தனித்தனியா நிக்கும். ஷட்டரை 1/15 வரைக்கும் இறக்கினா பாரோட வெளிச்சமும் படத்துக்குள்ள வரும்.

ஷேக் பண்றதுக்கும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், 1/30-ல ஷேக்கர் மட்டும் அசைஞ்சு அவர் முகம் நிக்கும், பத்துல மூணு வரும்.

ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்சு அதோட எண்ணெயைத் தீல காட்டற ஷாட் எப்படி எடுக்கறதுன்னும் மெசேஜ்ல கேட்டிருந்தாங்க. பின்னாடி முழு கறுப்பா இருக்கணும், தீக்குச்சி வர்ற இடத்துல முன்கூட்டியே மேனுவல் ஃபோகஸ் வெச்சுடணும், 1/500, தொடர்ந்து பல படம் எடுக்கற பர்ஸ்ட் மோட். எக்ஸ்போஷரை தீக்குத்தான் வெக்கணும், மத்தது இருட்டாவே இருக்கட்டும். நாங்க பன்னெண்டு தோல் பிழிஞ்சோம், ரெண்டு படம் கிடைச்சுது. அதுல ஒண்ணுல எண்ணெய் துளி ஒவ்வொண்ணும் தனித்தனி நெருப்புப் பொறியா கிளாஸ் வரைக்கும் இறங்குது. அதை பெருசா பிரிண்ட் போட்டு அந்த பார்டெண்டர்கிட்ட குடுத்தேன், இப்ப அந்த டேபிள் லாம்புக்கு மேல மாட்டி வெச்சிருக்காரு.