வெள்ளரிப் பிஞ்சு மஞ்சளாகி விழுது, அவசரம்

விதைப்பை: நண்பர்களே, மண் பையில வச்ச வெள்ளரிக் கொடியில பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுது. சுண்டுவிரல் அளவு வருது, அதுக்கு மேல போகல. பூசணியும் அப்படித்தான். என்ன மருந்து அடிக்கணும்? கொடி நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்: எந்த ஊர்? பை என்ன அளவு? விதை போட்டு எத்தனை நாள் ஆச்சு? வெயில் எத்தனை மணி நேரம்? பிஞ்சு சுருங்கிக் காயுதா, இல்ல அழுகி விழுதா? மருந்தை அப்புறம் பார்ப்போம்.

மாடிப்பந்தல்: சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான். பைக்கு ரெண்டு கைப்பிடி முட்டை ஓட்டுப் பொடி போடுங்க. பத்தே நாள்ல சரியாயிடும்.

செம்மண்: முட்டை ஓடு மண்ணுல கரைஞ்சு வேருக்குப் போக மாசக்கணக்கு ஆகும், பத்து நாள் கணக்கெல்லாம் நடக்காது. சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா தக்காளியில பூ விழுந்த நுனி கறுத்துப் போகும். இவங்களுக்கு மஞ்சளாகிச் சுருங்குது, அது வேற.

மோர்_முருங்கை: புளிச்ச மோர்ல பெருங்காயம் கரைச்சு அடிங்க சகோ. இல்லைன்னா தேங்காய்ப் பாலும் மோரும் கலந்து புளிக்க வச்ச தேமோர்க் கரைசல், 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. பூ உதிர்றது கப்புன்னு நிக்கும்.

விதைப்பை: 15க்கு 15 அங்குலப் பை. 45 நாள் ஆச்சு. தண்ணி தினமும் ஊத்தறேன். வெயில் நல்லா இருக்கு.

கரிசல்: ஊர் கேட்டேனே?

கொடிக்கம்பம்: இதே கேள்வி இங்க நூறு தடவை வந்தாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வரலாம், யாரும் படிக்கிறதில்லை. ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு தெரியாம கொடி வளர்க்க வந்தா இப்படித்தான். 3ஜி கட்டிங் பண்ணுங்க, அதாவது நுனியைக் கிள்ளிக் கிள்ளி மூணாம் தலைமுறைப் பக்கக் கிளை வர விடுங்க, பெண் பூ கூடும். இல்லைன்னா பெண் பூவைக் கூட்டுற எத்ரல் மருந்து, 10 லிட்டருக்கு 2.5 மில்லி. வேளாண் பல்கலைக்கழகமே சொல்றது.

செம்மண்: ஐயா, உதிர்றது பிஞ்சு. பிஞ்சு இருக்குன்னா பெண் பூ வந்திருக்குன்னுதானே அர்த்தம்? இவங்களுக்குப் பெண் பூவுக்குப் பஞ்சமே இல்லை. அதுவும் எத்ரலை விதைச்ச பத்துப் பதினஞ்சு நாள்ல ஆரம்பிச்சு வாரம் ஒண்ணுன்னு 4 தடவை அடிக்கணும். 45 நாள் கொடிக்கு இப்போ அடிச்சு என்ன பிரயோஜனம்? 3ஜி சுரைக்குப் பலன் தரும், பக்கக் கிளையிலதான் அதுக்குப் பெண் பூ அதிகம். வெள்ளரிக்கு நுனி கிள்ளினா பல ரகத்துல நஷ்டம்தான்.

விதைப்பை, ஒண்ணு பண்ணுங்க. விழுந்த பிஞ்சுல நாலை எடுத்து நெடுக்குவாட்டில கத்தியால பிளந்து பாருங்க. உள்ள வெள்ளையாப் புழு நெளிஞ்சா, தோல்ல ஊசி குத்தின மாதிரி புள்ளியும் பிசினும் இருந்தா, பழ ஈ. புழு இல்லாம நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருந்தா மகரந்தம் சேரல.

விதைப்பை: பிளந்து பார்த்தேன். புழு எதுவும் இல்லை. ஊர் திருவண்ணாமலை. குரங்குத் தொல்லைக்காகச் சுத்தி கொசுவலை கட்டியிருக்கேன், மேலயும்தான். அதைச் சொல்லணுமா?

கரிசல்: 😂 அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்! கொசுவே நுழையாத வலைக்குள்ள தேனீ எப்படி வரும்?

பாகற்கொடி: வெல்லத் தண்ணி தெளிச்சா தேனீ வருமே?

கரிசல்: வலைக்கு உள்ளயா? எறும்பு வரும்.

செம்மண்: இப்போதைக்குக் கையால சேருங்க. காலையில 6 மணியிலிருந்து 9க்குள்ள. வெள்ளரிப் பூ ஒரு நாள்தான் தாங்கும். பூசணி விடியறதுக்கு முன்னாடியே விரிஞ்சு 10 மணிக்குள்ள கூம்பிடும், அதனால பூசணியை முதல்ல முடிங்க.

பெண் பூவுக்கு அடியில முள்ளு முள்ளா ஒரு குட்டி வெள்ளரி ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்பு, கொத்தா வரும். அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டா நடுவுல மஞ்சள் பொடி தெரியும். அதைப் பெண் பூவோட நடுவுல மூணு மடலா இருக்கிற சூல்முடியில லேசா உருட்டித் தடவுங்க. மூணு மடல்லயும் படணும். ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் வளைஞ்சு, ஒரு நுனி கூம்பிப் போகும். வெள்ளரிப் பூ பொடிசு, கைக்கு வரலைன்னா ஓவியம் வரையற மெல்லிய பிரஷ் போதும். ஈரக் கையோட தொடாதீங்க, மகரந்தம் வீணாயிடும். தடவின பூவோட காம்புல கலர் நூல் ஒண்ணு கட்டி வைங்க. மூணு நாள்ல பிஞ்சு பருத்துக் கீழ தொங்க ஆரம்பிச்சா பிடிச்சாச்சு.

நிரந்தரமா வேணும்னா கொசுவலையைக் கழட்டிட்டு ஒரு அங்குலக் கண்ணி நைலான் வலை போடுங்க. குரங்கு உள்ள வராது, தேனீ வரும். வேப்பெண்ணெய் அடிக்கிறதா இருந்தா லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் 5க்கு மேல. பூ விரிஞ்ச நேரத்துல அடிச்சா தேனீயும் ஓடிடும்.

மோர்_முருங்கை: கந்தகத் தூளும் தூவலாமே, சாம்பல் நோய் வராது.

செம்மண்: வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகத் தூள் ஆகாது. இலை கருகும்.

பாகற்கொடி: பக்கத்துல பாகல் வச்சிருக்காங்களான்னும் கேளுங்க. பாகல் மகரந்தம் பட்டா வெள்ளரி கசக்கும்.

கரிசல்: கசக்காது. ரெண்டும் வேற வேற பேரினம், ஒண்ணோட ஒண்ணு சேராது. சேர்ந்தாலும் மாறுறது விதைக்குள்ளதான், சதை தாய்ச் செடியோடது. வெள்ளரி கசக்கறது அதுக்குள்ளயே இருக்கிற குக்கர்பிட்டாசின்கிற கசப்புப் பொருளால. வெயில் காலத்துல தண்ணி விட்டு விட்டு ஊத்தினா கூடும். காம்புப் பக்கமும் தோலும்தான் அதிகம் கசக்கும்.

பாகற்கொடி: நுனியை வெட்டித் தேய்ச்சா நுரை வந்து கசப்பு போகுதே, அது எப்படியாம்?

கரிசல்: போறது நீங்க வெட்டி எறிஞ்ச துண்டோட.

பாகற்கொடி: எங்க வீட்டுல எல்லாரும் தேய்ச்சுத்தான் சாப்பிடறோம். கசந்ததே இல்லை.

கரிசல்: தேய்க்காம ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க.

கொடிக்கம்பம்: கேள்வி வெள்ளரிப் பிஞ்சைப் பத்தி. கசப்புக்குத் தனி இழை இருக்கு. நான் முதல் வரியிலேயே சொன்னேன், ஆண் பூ பெண் பூ விஷயம்னு.

மாடிப்பந்தல்: முட்டை ஓடும் சேர்த்துப் போட்டு வைங்க, கெடுதல் இல்லை.

செம்மண்: கடையில பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரை போட்ட மூடின கூடாரம்) வெள்ளரின்னு விதை வாங்கினீங்களா, சாதா விதையா? பாலிஹவுஸ் ரகம் மகரந்தம் இல்லாமலே காய்க்கும், வலையை எடுக்கவே வேண்டாம். விலை மட்டும் ரொம்ப அதிகம்.

விதைப்பை (நாலு நாள் கழிச்சு): சாதா விதை. 5 பூவுக்குத் தடவினேன், 4 பிடிச்சிருக்கு. பூசணி 1, அது இன்னும் தெரியல. நன்றி.

பாகற்கொடி: அந்த நாலுல ஒண்ணு கசந்தா சொல்லுங்க. பக்கத்துல பாகல் இருக்கான்னு இன்னும் சொல்லவே இல்லையே?