இகுவானாவுக்குப் பின்னங்கால் நடுங்குகிறது, தீனியில் கோளாறா? (பெங்களூரு)

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கூட வேலை பார்த்தவர் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது, தான் வளர்த்த பச்சை இகுவானாவை (பெரிய பல்லி இனம்) என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வாலோடு சேர்த்து இரண்டரை அடி இருக்கும், கையில் எடுத்தால் சாதுவாக இருக்கும். பெரிய மீன்தொட்டி ஒன்றில் கிழக்கு பார்த்த ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறேன், கண்ணாடி வழியாகக் காலை வெயில் நன்றாகவே விழுகிறது. பாலக், வெள்ளரிக்காய், லெட்யூஸ், வாரத்தில் ஓரிரு நாள் அவித்த முட்டை, இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த தீனி. குளிர் தொடங்கியதிலிருந்து பாதிகூடத் தின்பதில்லை. இப்போது பின்னங்கால் விரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுக்கின்றன, கிளையில் ஏற்றிவிட்டால் பிடிப்பு இல்லாமல் சறுக்குகிறது. மூக்கோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது, அம்மா சளி என்கிறார். மீன் கடையில் கேட்டால், நாம் சாப்பிடுகிற கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? தீனியில் எதை மாற்ற வேண்டும்?

ஹெப்பால்_பச்சை:
முதலில் மருத்துவர், தீனி எல்லாம் அப்புறம். விரல் வெட்டி இழுப்பது ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளம், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை வளர்சிதை எலும்பு நோய் என்பார்கள், வீட்டில் வளரும் இகுவானாக்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். தாடை ரப்பர் மாதிரி வளைகிறதா, தொடை உப்பிக் கெட்டியாக இருக்கிறதா என்று மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அழுத்த வேண்டாம், இந்த நிலையில் எலும்பு எளிதாக முறியும். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும், நாய் பூனை மட்டும் பார்ப்பவர்கள் பலர் தொடவே தயங்குவார்கள். யாரையும் தெரியாவிட்டால் ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கால்சியம் ஊசி போடுவார்கள்.

மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரை பலவற்றில் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும், அளவு கூடினால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

மூக்கோரம் இருப்பது அநேகமாக உப்புதான். இகுவானா உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கில் உள்ள சுரப்பி வழியாகத் தும்மித் தள்ளும், அது இயல்பு. சளி என்றால் வாயைத் திறந்து மூச்சு விடும், குமிழ் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும், ஆனால் யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். அதனால் உங்கள் இகுவானா தினமும் வெயில் காய்ந்தும் பலனில்லாமல் போயிருக்கிறது. கம்பிவலைக் கூண்டில் வைத்து மாடியில் நேரடி வெயிலில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி, அரை மணி நேரம் வையுங்கள், கூடவே இருங்கள், காகமும் பருந்தும் சுற்றும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே வெந்தே போகும். மழை நாட்களுக்கு யுவிபி டியூப் லைட் கட்டாயம் வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வீரியம் குறைந்துவிடும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றுங்கள்.

கீரைக்கூடை:
தீனி பற்றி நான் சொல்கிறேன். பாலக்கை இன்றோடு நிறுத்துங்கள். அதில் ஆக்சலேட் அதிகம், இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். நம் முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரைக்கும் இதே குறை உண்டு, எப்போதாவது கொஞ்சம் போதும். லெட்யூஸும் வெள்ளரியும் பெரும்பாலும் தண்ணீர், வயிறு நிறையும், சத்து சேராது.

கொடுக்க வேண்டியது கால்சியம் அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் உள்ள இலை, ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால் நல்லது. நம் ஊர் அகத்தி இதற்கென்றே படைத்தது போல இருக்கிறது, 100 கிராமில் சுமார் ஒரு கிராம் கால்சியம், பாஸ்பரஸ் அதில் சிறு பங்குதான். அடுத்தது முருங்கை. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ கன்னடத்தில் அகசே சொப்பு (அகத்தி), நுக்கே சொப்பு (முருங்கை) என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். செம்பருத்தி இலையும் பூவும் உயிரை விட்டுத் தின்னும், வீட்டுச் செடியாக இருந்தால் நல்லது, பூக்கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள். துணைக்கு மஞ்சள் பூசணித் துருவல், பீன்ஸ், கொஞ்சம் பப்பாளி. முட்டைக்கோஸ், காலிபிளவர் தினமும் வேண்டாம், தைராய்டைப் பாதிக்கும். அவகேடோ பக்கமே போகாதீர்கள்.

இலையை நன்றாக அலசி, பொடியாக நறுக்கி, ஈரத்தோடு வையுங்கள், தண்ணீர்ச் சத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே போகும். ஒரே கீரையைத் தினமும் போட்டுப் பழக்கினால் வேறு எதையும் தொடாது, அதனால் மூன்று வகையையாவது கலந்து போடுங்கள். பழைய தீனிக்குப் பழகியது திடீரென்று மாறாது, பொறுமை வேண்டும்.

ஜேபிநகர்க்காரன்:
முட்டை கொடுப்பதில் என்ன தப்பு? என் நண்பன் வீட்டு பியர்டட் டிராகன் புழு, கரப்பான், முட்டை எல்லாம் தின்று நன்றாகத்தான் இருக்கிறது.

ஹெப்பால்_பச்சை:
அது வேறு இனம் தம்பி. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பல்லி, பூச்சியும் தின்னும் இலையும் தின்னும். பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்காவில் மரத்தில் வாழ்வது, இலைதான் அதன் உணவு. அதன் பெருங்குடலில் தடுப்புத் தடுப்பாக அறைகள் இருக்கும், அங்கே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். முட்டை, நாய் பிஸ்கட், இறைச்சி என்று போட்டால் உடனே ஒன்றும் தெரியாது, வருடங்கள் கழித்துச் சிறுநீரகம் கெட்டுப்போய் நிற்கும். 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி, பாதியில் போய்விடும்.

குளிரில் தின்னாததற்கும் காரணம் அந்தக் குடல்தான். உடம்பு சூடானால்தான் உள்ளே செரிமானம் நடக்கும். வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி, குளிர்ந்த பக்கம் 27 அளவில், இரவில் 24-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவில் 15, 16 வரை இறங்குகிறது. அந்தக் குளிரில் வயிற்றில் இருக்கும் இலை செரிக்காமல் அப்படியே கிடக்கும்.

மல்லேஸ்வரம்_மாமா:
எல்லோரும் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். பச்சை இகுவானா சைட்டிஸ் என்னும் சர்வதேச வனவுயிர் வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு. கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். அந்த நண்பர் பதிவு செய்திருந்தாரா என்று இன்றே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தயங்காமல் மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் போய் உள்ளதைச் சொல்லி வழி கேளுங்கள்.

சமாளிக்க முடியவில்லை என்று அல்சூர் ஏரிக்கரையிலோ கப்பன் பார்க்கிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். புளோரிடாவிலும் தைவானிலும் அப்படி வெளியே போனவைதான் இன்று பெருகி, பிடித்து மாளாமல் கிடக்கின்றன. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் தொட விடாதீர்கள், சால்மோனெல்லா கிருமி இதன் மலத்திலும் தோலிலும் இருக்கும். சமையலறைத் தொட்டியில் கூண்டுச் சாமானைக் கழுவாதீர்கள்.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருத்துவரிடம் காட்டிவிட்டேன், எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருப்பது தெரிகிறது, தாடை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஊசி போட்டு இலைமேல் தூவ டி3 கலக்காத கால்சியம் பொடி கொடுத்திருக்கிறார். நண்பரிடம் பதிவு பற்றிக் கேட்டிருக்கிறேன். செம்பருத்திப் பூ வைத்தேன், உடனே தின்றது! இரவுச் சூட்டுக்கு எங்கள் பக்கம் கரண்ட் போனால் என்ன செய்வது?

ஹெப்பால்_பச்சை:
தாடை கெட்டியாக இருப்பது நல்ல செய்தி. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போடுங்கள், சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு, பிராணி தொட முடியாதபடி வலைக்கு வெளியே. சூடாகும் கல் என்று ஒன்று விற்பார்கள், அது வேண்டாம், வயிறு வெந்தாலும் எழுந்து நகராது. கரண்ட் போய் ஹீட்டர் நின்றுவிட்டால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றிக் கூண்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, மேலே கம்பளி போர்த்துங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். அப்புறம், அந்த மீன்தொட்டி இனி போதாது. இது ஐந்து அடிக்கு மேல் வளரும், ஆள் உயரக் கூண்டு தேவைப்படும். எலும்பு தேறும்வரை உயரத்தில் கிளை வைக்காதீர்கள், விழுந்தால் முறியும். தரையோரமாகத் தடித்த கட்டை ஒன்று போதும்.