கொரியன் புல்தரையில் காளான், பிடுங்கினாலும் மறுபடி வருது

சிங்காநல்லூர்_வீடு:
சுமார் 600 சதுர அடி கொரியன் புல். வீட்டு வேலை முடிஞ்ச கையோடு போன வருஷம் பதிச்சது. ஐப்பசி மழை பிடிச்சதிலிருந்து ரெண்டு வகைக் காளான் வருது. மதில் ஓரமா பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தா ஒண்ணு. மதியத்துக்குள்ள கறுத்து மை மாதிரி ஒழுகிடும். நடுப் புல்லில் வெள்ளைக் குடை, உள்ளங்கை அகலம், மேலே பழுப்புச் செதில், வட்டமா நிக்குது. பிடுங்கினா மூணாம் நாள் மறுபடி முளைக்குது. கார்பென்டசிம்னு ஒரு பூஞ்சைக்கொல்லி மருந்து தெளிக்கச் சொல்றாங்க. வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. என்ன செய்யலாம்?

மண்_வாசம்:
நீங்க பறிக்கிறது காயை. மரம், அதாவது பூஞ்சை, மண்ணுக்குள்ள வெள்ளை நூலா படர்ந்து கிடக்கு. மேலே தெளிக்கிற மருந்து அதுவரைக்கும் இறங்காது, கார்பென்டசிம் காசு வீண். அந்த நூல் எதைத் தின்னுதுன்னு பாருங்க.

மதில் ஓரம், அதுவும் கட்டி முடிச்ச கையோடு புல் போட்ட இடம்னா, சென்ட்ரிங் பலகைத் துண்டு, சவுக்கு முட்டு, வெட்டின மரத்தோட வேர் இதில் ஏதாவது ஒண்ணு புதைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். 8 மி.மீ. கம்பி ஒண்ணு, 2 அடி நீளம் போதும். மழை விட்ட மறுநாள் அரை அடிக்கு ஒரு குத்து. கல்லில் பட்டா கணீர்னு நிக்கும். மக்கின மரத்தில் பட்டா மெத்துனு இறங்கி, இழுக்கும்போது பிடிக்கும். அந்த இடத்துப் புல்லை 2 அங்குல மண்ணோட ஓரடிச் சதுரமா மண்வெட்டியால் சீவி எடுத்து நிழலில் வைங்க. கட்டையை எடுத்துட்டு, செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு போட்டு நல்லா மிதிச்சு நிரப்பிட்டு, புல்லைத் திரும்பப் பதிச்சு தண்ணி விடுங்க. சரியா மிதிக்காம விட்டா அடுத்த மழையில் அங்கே குழி விழும். கட்டை ரொம்பப் பெருசுன்னா விட்டுடுங்க, மக்கித் தீர்ந்ததும் காளானும் நிக்கும். அதுக்குச் சில வருஷம் ஆகலாம்.

கொரியன் புல்லுக்கே ஒரு குணம் உண்டு: அடியில் காய்ந்த புல்தண்டு மெத்தை மாதிரி கட்டிக்கும். அரை அங்குலத்துக்கு மேல் போனா வாரி எடுக்கணும். மாலைத் தண்ணியை நிறுத்துங்க. விடியற்காலை மட்டும், மழை நாளில் அதுவும் வேண்டாம். இனி மக்காத சாணி எருவைப் புல்மேல் தூவாதீங்க.

பசுந்தரை:
அந்த வெள்ளைக் குடைதான் கவனிக்க வேண்டியது. அடியில் உள்ள மடல் முதல்ல வெள்ளை, முத்தினா சாம்பல் பச்சை. அப்படி மாறினா அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், விஷம். தின்ன 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. சின்னக் குழந்தைக்கு உடம்பில் நீர் வத்திடும். தொட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் குழந்தை வெளியே வர்றதுக்கு முன்னாடி, குடை விரியாத மொட்டையும் சேர்த்து அடியோட திருகி எடுத்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்க. உரக்குழியில் வேண்டாம்.

வட்டத்தில் புல் காஞ்சிருந்தா அங்கே ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்க. மழை பெஞ்சும் மண் பொடியா, வெள்ளை நூலோட, காளான் வாடை அடிக்கும். நூல் மண்ணைத் தண்ணி ஒட்டாம ஆக்கிடுது. வட்டத்துக்கு 2 அடி வெளியிலிருந்து உள்ளே வரை 4 அங்குலத்துக்கு ஒரு குத்து, அரை அடி ஆழம். 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம் கலந்து ஊத்துங்க, அடுத்த நாலைந்து நாள் வெறும் தண்ணி. வட்டம் மட்டும் கரும்பச்சையா இருந்தா பிரச்சினை இல்லை, பூஞ்சை விடுற தழைச்சத்துதான் அது. மற்ற இடமும் அதே பச்சைக்கு வர, 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா, இலை காஞ்சிருக்கும்போது தூவி உடனே தண்ணி. ஈர இலையில் ஒட்டினா கருகும், அடைமழையில் போட்டா கரைஞ்சு ஓடிடும்.

வேலியோரம்:
கல்லுப்பு கரைச்சு ஊத்தினா ஒரே நாளில் போயிடுமே?

மண்_வாசம்:
புல்லும் சேர்ந்து போயிடும், அந்த இடத்தில் அப்புறம் எதுவும் சுலபமா பிடிக்காது.

சிங்காநல்லூர்_வீடு:
நன்றிங்க. கம்பி வாங்கிட்டேன். அம்மா அந்த வெள்ளைக் குடை புற்றுக்காளான்தான், வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்கவிட்டுக் கறுக்கலைன்னா சமைக்கலாம்னு சொல்றாங்க.

பசுந்தரை:
அம்மாகிட்ட கண்டிப்பா வேண்டாம்னு சொல்லுங்க. விஷக் காளானிலும் வெள்ளி கறுக்காது. புற்றுக்காளானுக்குத் தண்டு வேர் மாதிரி நீண்டு கறையான் கூடு வரைக்கும் இறங்கும். உங்களுடையது அடியில் குமிழா முடியுதான்னு பாருங்க. தண்டை வெட்டிட்டு, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் தாளில் பச்சைப் பொடி இருந்தா முன்ன சொன்ன விஷக் காளான்தான். புற்றுக்காளான் மாதிரி இளஞ்சிவப்பா விழுந்தாலும் அதை மட்டும் நம்பிச் சமைச்சுடாதீங்க, அந்த நிறத்தில் விஷக் காளானும் உண்டு. குழந்தை வாயில் போட்டுட்டா வாந்திக்குக் காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க, மிச்சக் காளானையும் கையோட எடுத்துட்டுப் போங்க.