கண்ணை இத்தனை முறை திருப்பியும் காட்சி ஏன் ஆடுவதில்லை?

கேள்வி: கேமராக்காரன்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். கேமராவைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் படம் இழுபட்டுப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், அதற்காகத்தான் கிம்பல், ட்ரைபாட் என்று இவ்வளவு செலவு செய்கிறோம். ஆனால் நம் கண் நொடிக்கு மூன்று தடவை போல ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறதாம். ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் விழும் படம் மொத்தமாக நகர்ந்தாக வேண்டுமே, அப்புறம் எதிரே இருக்கும் சுவர் மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறது? அந்த நேரத்தில் மூளை பார்வையை அணைத்துவிடும் என்றார் ஒரு நண்பர். அணைத்துத் திரும்பப் போட்டாலும் படம் வேறு இடத்தில்தானே விழுந்திருக்கும்? ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி, தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மின்மினி

நண்பர் சொன்னதில் பாதி சரி. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவலின்போது பார்வை மங்குவது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்பது அதற்கு அடுத்த விஷயம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் வெளியோரத்தை இமைக்கு மேலாக விரலால் மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். அறையே ஆடும். இந்தச் சின்ன நகர்வுக்கு ஆடும் அறை, கண்ணைத் தானாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திருப்பும்போது ஆடுவதில்லை. விரல் நகர்த்தும்போது கண் தசைக்கு மூளை எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். கண் தசை செயலிழந்தவர்கள் கண்ணைத் திருப்ப முயன்றால், கண் அசையாமலே காட்சி மட்டும் நகர்வதுபோல் தெரிகிறது என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதாவது கட்டளை போய், அசைவு நடக்காவிட்டாலும் குழப்பம்தான்.

1950இல் ரோஜர் ஸ்பெர்ரி ஒரு பக்கமும், ஃபான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஷ்டெட் இருவரும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று மூளையின் பார்வைப் பகுதிகளுக்கும் போகிறது, 'இப்போது வரப்போகும் நகர்வு நான் செய்தது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஃபான் ஹோல்ஸ்ட் ஓர் ஈயின் தலையை 180 பாகை திருகி வைத்துப் பார்த்தார், அது ஒரே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்பார்த்த நகர்வும் கண்ணில் வந்த நகர்வும் நேரெதிராக இருந்தால் வேறென்ன செய்யும்?

நரம்பியல் மாணவி

மின்மினி சொன்ன நகல் வெறும் ஊகமாக நிற்கவில்லை, குரங்கின் மூளையில் அது போகும் வழியையே கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்தச் சோதனைகளைப் படித்துத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு நியூரானுக்கும் (நரம்புச் செல்லுக்கும்) விழித்திரையில் சொந்தமாக ஒரு சின்ன இடம் உண்டு, அங்கே ஒளி விழுந்தால்தான் அது துடிக்கும். கண் திரும்பினால் அந்த இடமும் கூடவே போகும். 1992இல் துயமெல், கோல்பி, கோல்ட்பர்க் மூவரும் ரீசஸ் குரங்கின் உச்சிப் பகுதிப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) நுண்மின்முனை வைத்துப் பார்த்தார்கள். குரங்கு ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் வேறொரு புள்ளிக்குக் கண்ணைத் திருப்பப் போகிறது. திருப்பிய பிறகு அந்த நியூரானின் இடம் எங்கே போய் விழுமோ, அங்கே இப்போதே ஒரு வெளிச்சத்தைக் காட்டினார்கள். கண் இன்னும் அசையவில்லை, ஆனால் சில நியூரான்கள் துடித்தன! அங்கே அதற்கு இப்போது வேலையே இல்லை, இருந்தும் வரப்போவதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

அப்புறம் அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தில் சோமர், வுர்ட்ஸ் இருவரும் நகல் போகும் பாதையைப் பிடித்தார்கள். நடுமூளையில் இருக்கும் சுப்பீரியர் காலிக்குலஸ், அங்கிருந்து தலாமஸ், அங்கிருந்து முன்மூளையில் கண்ணசைவைக் கவனிக்கும் பகுதி. 2002இல் தலாமஸின் அந்தச் சின்ன இடத்தை மஸ்சிமால் என்ற மருந்தால் தற்காலிகமாக அடக்கினார்கள். குரங்கின் வேலை, இரண்டு புள்ளிகள் மின்னி மறைந்த பிறகு இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அந்த இரண்டு இடங்களுக்கும் கண்ணைத் திருப்புவது. முதல் தாவல் சரியாக வந்தது. இரண்டாவது தாவல் இடம் பிசகியது, முதல் தாவல் எவ்வளவு தூரம் போனது என்ற கணக்கு அதற்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. கண் நன்றாக இருக்கிறது, தசை நன்றாக இருக்கிறது, நகலுக்கு மட்டும்தான் தடை. இதைவிடச் சுத்தமாக ஒரு காரணத்தைத் தனியே பிரித்துக் காட்ட முடியுமா என்று இப்போதும் வியக்கிறேன்.

பழைய சந்தேகி

மேலே இருப்பதில் தவறில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு 'மூளை நமக்குக் காட்டுவதெல்லாம் ஊகம்தான்' என்று கிளம்புபவர்கள் அதிகம், அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பார்வை நுழையும் முதல் புறணிப் பகுதிக்கு இந்த நகல் கணக்கு பெரிதாகத் தெரியாது. அதே வுர்ட்ஸ் 1969இல் காட்டியதுதான்: கோடு நகர்ந்து கண் நின்றாலும், கண் நகர்ந்து கோடு நின்றாலும் அங்கே இருக்கும் நியூரான்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் துடித்தன. பிரித்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகு நடக்கிறது.

இரண்டாவது, 1992 சோதனைக்குக் கொடுக்கும் விளக்கமே விவாதத்தில் இருக்கிறது. 2014இல் ஸிர்ன்சாக், டிரின் மூர் குழுவினர் முன்மூளைப் பகுதியில் இன்னும் அதிகமான இடங்களில் வெளிச்சம் காட்டிச் சோதித்தபோது, நியூரான்களின் இடங்கள் கண் திரும்பிய பிறகு விழப்போகும் இடத்துக்கு நகர்வதாகத் தெரியவில்லை, கண் போகப்போகும் புள்ளியை நோக்கி எல்லாம் குவிந்தன. அப்படியென்றால் அது காட்சியை நிலைநிறுத்தும் வேலையா, போகும் இடத்தின்மேல் கவனத்தைக் குவிக்கும் வேலையா? தலாமஸ் சோதனையை நான் முழுமனதாக ஏற்கிறேன், ஆனால் 'அதனால்தான் சுவர் ஆடவில்லை' என்று அதிலிருந்து நேராக முடிவு கட்ட முடியாது.

கேமராக்காரன்

மூவருக்கும் நன்றி. விரல் அழுத்திப் பார்த்தேன், நிஜமாகவே அறை ஆடியது. இன்னொன்று: இதெல்லாம் நம் சொந்த அசைவு. வெளியில் நடப்பதையும் மூளை இப்படி எதிர்பார்க்குமா? வேகப்பந்தை ஆடும் பேட்ஸ்மேன் மாதிரி?

நரம்பியல் மாணவி

சந்தேகி அண்ணா சொன்ன குவிதல் விஷயம் நியாயமானது, இரண்டுமே சேர்ந்து நடக்கலாம் என்பது என் கட்சி.

கேமராக்காரன் அண்ணா, எதிர்பார்க்கும். 2011இல் மேயர், ஓல்சன் இருவரும் குரங்குகளுக்குப் படங்களை ஜோடி ஜோடியாக, இதற்குப் பின் இது என்ற மாறாத வரிசையில் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு ஜோடியை மாற்றிக் காட்டினால், பொருள்களை அடையாளம் காணும், மூளையின் பொட்டுப் பகுதி நியூரான்கள் வழக்கத்தைவிடப் பலமாகத் துடித்தன. இரண்டாவதாக வரும் படமும் பழகிய படம்தான், அது வந்த இடம்தான் புதிது. 1999இல் ராஜேஷ் ராவ், டானா பல்லார்ட் முன்வைத்த கணினி மாதிரியின் மையக்கருத்தும் இதுதான், மேல்பகுதி எதிர்பார்ப்பைக் கீழே அனுப்பும், கீழ்ப்பகுதி பொருந்தாத மிச்சத்தை மட்டும் மேலே அனுப்பும்.

பேட்ஸ்மேனுக்கு இது இல்லாமல் முடியாது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து 0.1 நொடியில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வந்துவிடும், பார்த்ததை வைத்து மட்டையை அசைக்க மூளைக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். லேண்ட், மெக்லியட் இருவரும் பேட்ஸ்மேன்கள் தலையில் கண்ணசைவுக் கேமரா பொருத்தி, பந்து வீசும் இயந்திரத்தை எதிரே வைத்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். பந்து கிளம்பும் கணத்தில் கண் அதன்மேல் இருக்கிறது, பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவிப் போய்க் காத்திருக்கிறது. எல்லோரும் இதைச் செய்தார்கள், ஆனால் குறைந்த திறமை உள்ளவரைவிட நல்ல ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் கிளம்பியது.