மயூர் விஹார் உறவுகள்: அத்தைக்கு வந்த டிரேட்மார்க் நோட்டீஸ்

பெரியப்பா: டிரேட்மார்க் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்தைத் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு செய்தி வந்தது. ரவி, அத்தையின் சாம்பார்ப் பொடிப் பெயர் தங்களுடையது என்று நோட்டீஸ் அனுப்பிய கம்பெனிக்கு இதையே பதிலாக அனுப்பிவிடலாமே?

ரவி அண்ணா: அது வேறு விஷயம், பெரியப்பா. 2019 டிசம்பரில் நான்ட்க்வெஸ்ட் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது, காப்புரிமை மறுக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால் காப்புரிமை அலுவலகம் தன் வக்கீல்களின் சம்பளத்தை அவரிடம் வசூலிக்க முடியாது என்பதுதான். டிரேட்மார்க் பதிவு மறுக்கப்பட்டவருக்கும் அதே பாதிப்பு இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு டிரேட்மார்க் விஷயத்திலும் பேசப்படுகிறது. இரண்டு வியாபாரிகள் மோதிக்கொண்டால், அசாதாரணமான வழக்கு என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே அமெரிக்காவில் வென்றவரின் வக்கீல் கட்டணத்தைத் தோற்றவர் தர வேண்டிவரும்.

அத்தை: அமெரிக்கா கிடக்கட்டும். வழக்குச் செலவு முழுவதையும் நான்தான் ஏற்க வேண்டும் என்று நோட்டீஸின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார்களே, டெல்லியில் அது செல்லுமா?

ரவி அண்ணா: பாதி மிரட்டல், பாதி உண்மை. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைத் திருத்தியிருப்பதால், மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத இதுபோன்ற வணிகத் தகராறுகளில் தோற்றவர் செலவைத் தருவதே பொது விதி. வக்கீல் கட்டணமும் அதில் சேரும். ஆனால் கேட்ட தொகையெல்லாம் கிடைத்துவிடாது. செலவு நியாயமானதா, இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டார்கள், நியாயமான சமரசத்தை யார் காரணமின்றித் தட்டிக்கழித்தார்கள் என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். அதனால் நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

அத்தை: அப்படியானால் பெயரையே மாற்றிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா? சாம்பார்ப் பொடிக்கு அச்சடித்த லேபிள் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

ரவி அண்ணா: அவசரப்படாதீர்கள், அத்தை. அவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு செய்த நாள் இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து விற்றுவந்திருந்தால், டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றும். வாய்ச்சொல் எடுபடாது; அச்சக ரசீது, பழைய பில், கடைக்காரர்களுக்குச் சரக்கு அனுப்பிய சலான் எல்லாம் வேண்டும்.

நான்: கரோல் பாக் அச்சகத்தின் முதல் ரசீது அத்தை வீட்டுப் பரணில் இருக்கும் பச்சை டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். நாளைக் காலை வந்து எடுத்துத் தருகிறேன்.

ரவி அண்ணா: கிடைத்ததும் எனக்குத் தனியாக அனுப்பு, குழுவில் போடாதே. பெரியப்பா, அந்தச் செய்தியையும் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.